பாமினியில் அடித்த மலரும் என் மேசைக் கணினியும்

பள்ளிகொண்டாவுக்கு அருகே பாலாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து சென்ற ஆடி மாதத்தில் ஒரு பெரியவர் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் டி.டி.பி. கடைக்கு வந்தார். மஞ்சள் பைக்குள்ளிருந்து அவர் எடுத்து வைத்தவை இரண்டு. ஒன்று, 2004ஆம் ஆண்டு தம் ஊர்க் கோயில் குடமுழுக்கின்போது அச்சிட்ட 64 பக்க மலர். மற்றொன்று, அந்த மலரைத் தட்டச்சு செய்தவர் பின்னால் உதவும் என்று அப்போதே எழுதிக் கொடுத்த குறுந்தகடு. 12 ஆண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டியது தள்ளிப்போய் இப்போதுதான் அடுத்த குடமுழுக்குக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்றும், பழைய மலரில் உள்ள தலவரலாற்றையும் பாடல்களையும் அப்படியே வைத்துக்கொண்டு புதிய பக்கங்கள் சிலவற்றைச் சேர்த்துத் தர வேண்டும் என்றும் கேட்டார். தட்டச்சு ஏற்கெனவே முடிந்த வேலைதானே என்று எண்ணி, 2 நாளில் தருவதாக ஒப்புக்கொண்டேன். 12 நாள் ஆயிற்று. அந்த நாள்களில் கூடுதல் எழுத்துருக்களைக் கணினியில் சேர்ப்பது பற்றி நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இதே தொழிலில் இருப்பவர்களுக்கும், பழைய தமிழ்க் கோப்புகளை வீட்டில் வைத்துக்கொண்டு திறந்து படிக்க முடியாமல் இருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

என் மேசைக் கணினியில் மூன்று ஆண்டுகளாக விண்டோசுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளமும், வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளும் இருக்கின்றன. குறுந்தகட்டில் இருந்த வேர்டு கோப்பைத் திறந்தவுடன் திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் இருந்தன. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் முகம் வாடிவிட்டது. "தம்பி, தகடு கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயா, தகடு நல்லாத்தான் இருக்கு, எழுத்துருதான் இந்தக் கணினியில இல்லை" என்றேன். அதற்குச் சான்று திரையிலேயே இருந்தது. மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியில் "பாமினி" என்ற பெயர் சாய்ந்த எழுத்தில் தெரிந்தது. ஒரு கோப்பு கேட்கும் எழுத்துரு கணினியில் இல்லாதபோது லிப்ரே ஆபீஸ் அதன் பெயரைச் சாய்த்துத்தான் காட்டும். பழைய கோப்பு குழம்பித் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பெட்டிதான்.

பாமினி போன்ற எழுத்துருக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் இதில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்தின் குறியெண்தான். அந்த ஆங்கில எழுத்தின் உருவத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜே என்ற இடத்தில் "த" இருக்கிறது, கே என்ற இடத்தில் "ம" இருக்கிறது, பி என்ற இடத்தில் இகரக் கொக்கி இருக்கிறது. எழுத்துரு இருக்கும் வரை கண்ணுக்குத் தமிழ். எழுத்துரு போனால் வெறும் ஆங்கிலம். இப்படி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அடுக்குமுறையை வைத்திருந்ததால், ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறக்க முடியாத நிலை 1990களில் இருந்தது. அதைச் சரிசெய்யவே 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற அடுக்குமுறைகள் தரமாக்கப்பட்டன; பிறகு 2010இல் தமிழக அரசு, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எல்லாம் தனித்தனிக் குறியெண் தரும் ஒருங்குறியையும் (யூனிகோடு), டேஸ்-16 என்ற தமிழ் அடுக்குமுறையையும் தரமாக ஏற்று அறிவித்தது. ஆனாலும் அச்சுத் தொழிலில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அது ஒருங்குறித் தமிழை ஏற்காது என்பதால், பாமினியும் அதைப் போன்றவையும் அரசாணைக்குப் பிறகும் எங்கள் மேசைகளை விட்டுப் போகவில்லை.

எழுத்துருவைச் சேர்க்கும் வேலை சிறியது. குறுந்தகட்டிலேயே, ஒரு தனி உறையில், பாமினியின் டி.டி.எஃப். கோப்பும் இருந்தது. அதை அப்போது எழுதி வைத்தவருக்கு நான் மனத்துக்குள் நன்றி சொன்னேன். அந்தக் கோப்பின் மேல் இருமுறை சொடுக்கினால் திறக்கும் சாளரத்திலேயே நிறுவுவதற்கான பொத்தான் இருக்கிறது. பல எழுத்துருக்களை ஒரே நேரத்தில் சேர்க்க வேண்டுமானால், நம் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் "புள்ளி லோக்கல்" என்ற உறைக்குள் "ஷேர்", அதற்குள் "ஃபாண்ட்ஸ்" என்று போய், அங்கே மொத்தமாக நகல் எடுத்து வைத்துவிடலாம். அந்த உறை இல்லையென்றால் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். இப்படிச் சேர்ப்பது நம் பயனர் கணக்குக்கு மட்டும் கிடைக்கும். கடையில் வேலை செய்யும் தம்பி தன் கணக்கில் நுழையும்போதும் கிடைக்க வேண்டுமென்றால் கணினி முழுமைக்குமான எழுத்துரு உறைக்குள் நிர்வாகி உரிமையோடு வைக்க வேண்டும். நான் அப்படி வைத்தபோது அந்த உறையைத் திறக்கும் அனுமதி நிர்வாகிக்கு மட்டுமே இருந்ததால், கோப்புகள் எல்லாம் கண்ணெதிரே இருந்தும் எந்தச் செயலிக்கும் அவை தெரியவில்லை. உறைக்கும் கோப்புகளுக்கும் எல்லோரும் படிக்கலாம் என்ற அனுமதியைக் கொடுத்த பிறகு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையச் சாளரத்தில் "எஃப்சி-கேஷ்" என்ற கட்டளையை இட்டு எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்தேன். திறந்திருந்த லிப்ரே ஆபீசை முழுவதும் மூடித் திறந்த பிறகுதான் புதிய பெயர் பட்டியலில் வந்தது. இதை மறந்துவிட்டு எழுத்துரு சேரவில்லை என்று திரும்பத் திரும்ப நிறுவுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாமினி சேர்ந்தவுடன் மலரின் முதல் பக்கம் அப்படியே உயிர் பெற்று வந்தது. பெரியவர் எழுந்து வந்து திரையைத் தொட்டே பார்த்தார். ஆனால் வேலை அங்கே முடியவில்லை, தொடங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். "எஃப்சி-லிஸ்ட்" என்ற கட்டளையால், தமிழுக்கு உரிய எழுத்துருக்களை மட்டும் காட்டு என்று கணினியிடம் கேட்டேன். வந்த பட்டியலில் பாமினி இல்லை. திரையில் தமிழாகக் காட்சி தரும் ஒன்றைக் கணினி தமிழாக எண்ணவே இல்லை, ஏனென்றால் அதனுள் தமிழுக்குரிய குறியெண் ஒன்றுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட கோப்பில் தெய்வத்தின் பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்காது. அதை நகலெடுத்துக் கைப்பேசியில் ஊரார் குழுவுக்கு அனுப்பினால் மறுபடியும் ஜே, கே, பி, ஓ என்றுதான் போய்ச் சேரும். புதிய பக்கங்களை நான் ஒருங்குறியில் அடித்து, பழையவற்றைப் பாமினியில் விட்டால் ஒரே புத்தகத்துக்குள் இரண்டு கணக்கு நடக்கும். ஆகவே பழைய பக்கங்கள் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் கருவி தந்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது. பாமினியில் "கொ" என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், அதாவது முதலில் கொம்பு, பிறகு "க", பிறகு கால் என்று அடிப்போம். ஒருங்குறியில் முதலில் "க", பிறகுதான் உயிர்க்குறி. இந்த வரிசையை மாற்றி அடுக்கும் வேலையைக் கருவிகள் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கின்றன. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. "கௌரவம்" என்ற சொல்லைப் பழைய தட்டச்சர்கள் கொம்பு, "க", "ள" என்று அடித்திருப்பார்கள். கருவி அதைக் "கெளரவம்" என்று மாற்றித் தரும். அச்சில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, ஆனால் ஒன்று நான்கெழுத்துச் சொல், மற்றொன்று ஐந்தெழுத்துப் பிழை. அதைவிட மிகுதியாக நான் கண்டது "அவா்கள்". "ர்" அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்து அதன் தலையில் புள்ளி வைக்கும் பழக்கம் பழைய தட்டச்சில் இருந்தது; உருவம் ஒன்றுபோல் இருந்ததால் யாரும் குறை காணவில்லை. ஒருங்குறிக்கு வந்த பிறகு அது "அவர்கள்" என்ற சொல்லே இல்லை. சில எழுத்துருக்களில் அந்தப் புள்ளி காலின் மேல் உட்காராமல் விலகி நின்று காட்டிக்கொடுக்கும், சிலவற்றில் அதுவும் தெரியாது. கால் குறியும் புள்ளியும் அடுத்தடுத்து வரும் இடங்களை எல்லாம் தேடி "ர்" என்று மாற்றியதில் ஒரு பகல் முழுவதும் போயிற்று. அந்தப் பகலை நான் வீண் என்று நினைக்கவில்லை.

இனி எந்த ஒருங்குறி எழுத்துருவில் அமைப்பது என்பது கேள்வி. லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகியவற்றை உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவிக்கொள்ளலாம்; முக்த மலர், கட்டமரன், மீரா இனிமை, பவனம், காவிவனர் முதலியவற்றைக் கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்திலிருந்து பதிவிறக்கி முன்பு சொன்ன உறையில் வைத்தால் போதும். இவை திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சு வேலைக்குப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் இருக்கும் லதா என்ற தமிழ் எழுத்துருவை நகலெடுத்து இங்கே கொண்டுவந்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதன் உரிமம் அப்படிச் செய்வதற்காகக் கொடுக்கப்பட்டது இல்லை, அதற்குத் தேவையும் இப்போது இல்லை. மலருக்கு நோட்டோ செரிஃப் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். நீண்ட தலவரலாற்றை வயதானவர்கள் படிப்பதற்கு அதன் தடிப்பும் மென்மையும் மாறி வரும் கோடுகள் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன என்பது என் கருத்து.

தேர்ந்தெடுத்தேனே தவிர, எழுத்து மாறவில்லை. பத்திகளின் தோற்றத்தை மொத்தமாக அமைக்கும் பத்தி நடையை (ஸ்டைல்) திறந்து எழுத்துருவை மாற்றினேன், சரி என்று கொடுத்தேன். எண்களும் நிறுத்தக்குறிகளும் மாறின, தமிழ் எழுத்துகள் பழையபடியே நின்றன. எழுத்துருக் கோப்பு பழுதாக இருக்குமோ என்று நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். அரை நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. லிப்ரே ஆபீஸ் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு எழுத்துருக்களைத் தனித்தனியே நினைவில் வைக்கிறது. ஒன்று ஆங்கிலம் போன்ற மேலை எழுத்துகளுக்கு. மற்றொன்று தமிழ், அரபி, தேவநாகரி போன்ற, எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருமாறும் மொழிகளுக்கு. இரண்டாவது பெட்டி என் கணினியில் மறைந்திருந்தது. அமைப்புகளில் மொழிப் பிரிவுக்குள் சென்று, சிக்கலான உரை அமைப்பு என்று பொருள்படும் சி.டி.எல். என்ற தேர்வை இயக்கி, அதற்குரிய மொழியாகத் தமிழையும் குறித்த பிறகு நடைச் சாளரத்தில் இரண்டு பெட்டிகள் வந்தன. இரண்டாவதில் நோட்டோ செரிஃப் தமிழைக் கொடுத்ததும் 64 பக்கங்களும் ஒரே நொடியில் மாறின. பாமினியில் இருந்தபோது அதே வாக்கியங்கள் முதல் பெட்டிக்குக் கட்டுப்பட்டு நின்றன என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். கணினிக்கு அவை ஆங்கிலம் ஆயிற்றே. தமிழ் எழுத்துரு சேர்த்தும் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருபவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது இந்த இரண்டாவது பெட்டியைப் பற்றித்தான்.

முதல் மெய்ப்பை எடுத்துப் போன பெரியவர் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பாடல்கள் இருந்த பக்கத்தைப் பிரித்து, "எங்க அப்பா காலத்துல எழுதுன மாதிரி, யானைத் தும்பிக்கை போட்ட லை வேணும் தம்பி, பாட்டுக்கு மட்டும்" என்றார். 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன் "லை", "ளை", "னை", "ணை" ஆகிய நான்கும் தும்பிக்கை வளைந்த கொம்போடும், "ணா", "றா", "னா" ஆகியனவும் அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் சுழித்துச் சேர்ந்த கூட்டெழுத்துகளாகவும் அச்சிடப்பட்டு வந்தன; மொத்தம் 13 எழுத்துகள். 2004 மலரில் இவற்றைப் பாடல் பக்கங்களுக்கு மட்டும் அச்சகத்தில் பழைய படிவத்திலிருந்து ஒட்டிச் சேர்த்திருந்தார்கள். நானும் முதலில் திகைத்தேன். பிறகு லோகித் தமிழ் கிளாசிக்கல் என்ற எழுத்துரு இருப்பது நினைவுக்கு வந்தது. களஞ்சியத்திலிருந்து அதை நிறுவி, பாடல்களுக்கு ஒரு தனி நடை அமைத்து, அதன் சி.டி.எல். பெட்டியில் அந்தப் பெயரைக் கொடுத்தேன். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருந்த "மலை", "மாலை", "தலை" எல்லாவற்றிலும் தும்பிக்கைகள் முளைத்தன. ஓர் எழுத்தைக்கூட நான் திருத்தி அடிக்கவில்லை. ஒருங்குறியில் "லை" என்பது எக்காலத்திலும் லகரமும் ஐகாரக் குறியும்தான். அதைப் பழைய வடிவில் வரைவதா புதிய வடிவில் வரைவதா என்பது எழுத்துருவின் பொறுப்பு. கருவி தந்ததை எழுத்தெழுத்தாகத் திருத்திய பகலுக்கு அந்த நிமிடத்திலேயே பலன் கிடைத்துவிட்டது.

கோயில் நிலக் கணக்கு ஒன்றும் மலரில் இருந்தது. அதில் "மா", "காணி", "முந்திரி" ஆகியவற்றுக்கு உரிய பழைய பின்னக் குறிகள் வரும் இடங்களைப் பழைய மலரில் வெற்றிடமாக விட்டு, பேனாவால் வரைந்து படியெடுத்திருந்தார்கள். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்னும் இந்தக் குறிகளுக்கு ஒருங்குறியில் இடம் கிடைத்தது 2019இல், தமிழ் இணைப்பு என்ற தனித் தொகுதியாக 12.0 பதிப்பில். வழக்கமான தமிழ் எழுத்துருக்களில் இவை இல்லாததால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் என்ற எழுத்துருவை நிறுவியவுடன் கட்டங்கள் குறிகளாக மாறின. இவற்றுக்கு விசைப்பலகையில் விசை கிடையாது. சிறப்பு எழுத்துகளைச் செருகும் சாளரத்தில் எழுத்துருப் பெயரைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய குறியைத் தேடி எடுக்க வேண்டும். பத்திரிகைகளில் நாம் போடும் ௵, ௴, ௳ ஆகிய ஆண்டு, மாத, நாள் குறிகள் இந்தத் தொகுதியைச் சேர்ந்தவை இல்லை. அவை 2003 முதலே தமிழின் முதன்மைத் தொகுதியில் இருக்கின்றன, நல்ல எழுத்துருக்கள் எல்லாவற்றிலும் கிடைக்கும்.

கிடைப்பதை எல்லாம் சேர்த்து வைப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. அட்டைக்காக அலங்கார எழுத்துருக்கள் ஏழெட்டைச் சேர்த்த மறுநாள், உலாவியில் நான் படிக்கும் செய்தித் தளங்கள் எல்லாம் தூரிகையால் எழுதியது போன்ற கொழுத்த எழுத்தில் தெரிந்தன. ஒரு பக்கம் தனக்கென எழுத்துருவைக் குறிப்பிடாதபோது, தமிழ் தெரிந்த எழுத்துருக்களுள் ஒன்றைக் கணினியே எடுத்துக்கொள்கிறது. எது என்பதை "எஃப்சி-மேட்ச்" கட்டளையால் தெரிந்துகொள்ளலாம். எழுத்துரு அமைப்புக் கோப்பில், தமிழுக்கு முதல் உரிமை நோட்டோவுக்கு என்று எழுதி வைத்த பிறகு அது சரியாயிற்று. இப்போதெல்லாம் ஒரு வேலைக்காகச் சேர்க்கும் அலங்கார எழுத்துருக்களை அந்த வேலையின் பெயரில் தனி உறையாக வைத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுகிறேன்.

வேலூரில் கடை வைத்திருப்பவருக்குத் தமிழ் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து உருதுத் திருமண அழைப்புகள் வருகின்றன, சித்தூர் எல்லை காட்பாடிக்கு அந்தப் பக்கம்தான் என்பதால் தெலுங்கு அழைப்புகளும் வருகின்றன, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக வங்க எழுத்தில் பலகை வேண்டும். தெலுங்குக்கும் வங்கத்துக்கும் லோகித், நோட்டோ குடும்பங்களிலேயே எழுத்துருக்கள் இருக்கின்றன. உருதுக்கு நோட்டோ நஸ்தலீக் உருது நிறுவினேன். அந்த எழுத்து மேலிருந்து கீழே சரிந்து இறங்கும் இயல்புடையது. தமிழுக்கு வைத்திருக்கும் வரி இடைவெளியையே அதற்கும் நிலையாக வைத்தால் சொற்களின் தலையும் காலும் வெட்டுப்படும். உருது படிக்கத் தெரிந்தவர் ஒருவர் மெய்ப்பைப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். எழுத்துருக் கோப்பின் மேல் வலச் சொடுக்குச் செய்து நிறுவும்போது இப்போது அது நம் கணக்குக்கு மட்டுமே சேர்கிறது. பழைய மென்பொருள்கள் சிலவற்றுக்கு அது தெரியாது, ஆகவே எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கோப்புகளில் வரும் லதா, விண்டோஸ் 10 முதல் தானாக வருவதில்லை. விருப்ப அம்சங்கள் பட்டியலில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் கிடைக்கும்.

கடைசி வேலை அச்சகத்துக்கு அனுப்புவது. முன்பு ஒரு முறை, காதணி விழா அழைப்பு ஒன்றைக் கோப்பாகவே அனுப்பிவிட்டேன். அங்கே அந்த எழுத்துரு இல்லாததால் வேறொன்று தானாக வந்து உட்கார்ந்து, தாய்மாமன் பெயர் அடுத்த வரிக்கு உடைந்து போய், 500 படிகளும் அப்படியே அச்சாகிவிட்டன. அந்தக் குடும்பத்தின் முன் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. இப்போது பி.டி.எஃப். ஆக்கி, "பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்" என்ற கட்டளையால் ஒவ்வோர் எழுத்துருவும் கோப்புக்குள் பொதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புகிறேன். மலருக்கு அப்படிப் பார்த்தபோது நோட்டோ செரிஃப், லோகித் கிளாசிக்கல், சப்ளிமெண்ட் மூன்றும் பொதிந்திருந்தன. அவற்றோடு நான்காவதாகப் பாமினியின் பெயரும் இருந்தது. தேடிப் பார்த்ததில், 41ஆம் பக்கத்தின் அடியில் நன்கொடையாளர் பெயர் ஒன்று மட்டும் ஒரு சிறு கட்டத்துக்குள் மாற்றப்படாமல் விடுபட்டிருந்தது. அதைத் திருத்தி, கோப்பை மறுபடியும் ஆக்கி, அன்று மாலையே அனுப்பினேன். பெரியவருக்குக் கொடுத்த புதிய பென் டிரைவில் மலரோடு அந்த மூன்று எழுத்துருக்களையும் தனி உறையில் வைத்து, உறைக்குப் பெயரைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.